மாதையன் சார் ஏறாத படகு

செய்தி வந்தபோது நான் மொரப்பூரில் மகள் வீட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் போன் செய்தார். "டீச்சர், மாதையன் சார் தவறிட்டாருங்க. காபி குடிச்சிட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "படகு அங்கயேதான் இருக்குதா?" என்பது. அவர், "நான் சொன்னது காதுல விழுந்துச்சுங்களா டீச்சர்?" என்றார். விழுந்தது என்றேன். மகள் என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டுப் பேருந்துக்குப் பையை எடுத்து வைத்தாள்.

இப்போது எல்லோரும் சேர்ந்து அவருக்கு நினைவு மலர் போடுகிறீர்கள். பக்கத்து வீடு, ஒரே பள்ளிக்கூடம், நீங்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவது என்று என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றீர்கள். அவர் நன்றாக இயற்பியல் நடத்தினார், பிள்ளைகளை அடிக்கமாட்டார், வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது. இதெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். என்னிடம் இருப்பதை நான் எழுதுகிறேன். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. செத்துப்போனார் என்பதற்காகப் பிடித்துவிடவும் இல்லை.

படகு எப்படித் தொடங்கியது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பிள்ளைகளை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போன சுற்றுலாவில் பரிசலில் ஏறினார். பரிசலோட்டி அழகு காட்டுவதற்காக நடு ஆற்றில் பரிசலைச் சுற்றிவிட்டார். சார் வாந்தி எடுத்தார். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கரையேறியதும் அவர் மீன் வறுவல் கடையில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், "சுத்தறது படகு இல்லைங்க டீச்சர். நேராப் போறதுதான் படகு. நானே ஒண்ணு செய்யறேன்" என்றார். வெட்கம் தீர ஒரு வாரம் லீவு போட்டிருந்தால் முடிந்திருக்கும். மனிதர் படகு செய்யக் கிளம்பினார். தண்ணீருக்காகச் சாலையில் குடத்தை வைத்து மறியல் செய்யும் பாப்பாரப்பட்டியில், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகையில், ஏரியில் மீன் பிடிக்கப் படகு.

அதை அவர் தனியாகச் செய்து தொலைத்திருந்தால் இன்றைக்கு நானும் நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு ஆணி அடிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் தச்சர் இருந்தார். அவர் என் வீட்டுக்காரர்.

ரஹீம் பாய் என்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு வாசற்கதவு அவர் வைத்ததாகத்தான் இருக்கும். அவர் கதவு வைத்தால் நிலைக்கும் பலகைக்கும் நடுவே ஓர் எறும்பு நுழையாது. பத்திரிகைத் தாளைச் செருகிப் பார்ப்பார், போனால் கழற்றி மறுபடி இழைப்பார். நெஞ்சுவலி வந்து, மருத்துவர் பட்டறையை மூடச் சொன்ன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து மாதையன் சார் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "பாய், இந்தப் பலகைய எப்படிங்க வளைக்கறது?"

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் ஒரு வாய் சோறு, உடனே கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொட்டகை. வேப்பம் பலகையை வெந்நீர்த் துணி சுற்றி வளைப்பது, விலாக்கட்டை வைப்பது, பிடித்த மீனைப் போட நடுவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு இவர் செய்த மூடி அத்தனை இறுக்கமாக உட்கார்ந்து, திறக்க உளி தேவைப்பட்டது. இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தது எங்கள் சமையலறை வரை கேட்டது. அந்தச் சமையலறை அலமாரிக்கு இன்றுவரை கதவு கிடையாது. ஊருக்கெல்லாம் கதவு வைத்த மனிதருக்குத் தன் வீட்டுக் கதவுக்கு நேரம் கிடைக்கவில்லை. கேட்டால், "நூரு, படகு முடியட்டும், ஒரே நாள்ல போட்டுர்றேன்" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பது குறைந்திருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

பங்குனி வெயிலில் பலகை அடிக்கும் வேலை முடிந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெயில் ஊறிய பஞ்சுத்திரியை உளியால் திணித்து, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூச வேண்டும். அதையும் என் வீட்டுக்காரர்தான் செய்தார். கதவு வைக்கிற கை அல்லவா, கொட்டாப்புளியால் ஓங்கி ஓங்கி அடித்து இறுக்கினார். துடுப்பும் செய்து முடித்தார். படகு பளபளவென்று நின்றது. அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டுப்போய்க் காட்டினார். "தண்ணியில விட்டதும் மொதல்ல நான் ஏறணும் நூரு. ஏரி நடுவுல போயி கொஞ்ச நேரம் உக்காரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். படகு என்னுடையதாக இருந்திருந்தால் நானே தள்ளிவிட்டிருப்பேன். அவர் போய்க் கேட்க வேண்டியிருந்தது மாதையன் சாரிடம்.

"அதுக்கு இன்னும் ஒரு வேல பாக்கி இருக்குதுங்க பாய்." இதுதான் அவர் பதில். உங்களுக்கும் இந்த வாக்கியம் பழக்கமானதுதான். வினாத்தாள் தயாரா என்று கேட்டாலும் இதையேதான் சொல்வார். என்ன வேலை பாக்கி என்று சொல்லமாட்டார். ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் அதே பதில். என் வீட்டுக்காரர் தொழுதுவிட்டு வரும்போதெல்லாம் அந்த வாசலில் நின்று, "எப்ப சார் தண்ணியில?" என்று கேட்பார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருக்கும் பெண்வீட்டுக்காரரைப்போல் அந்த மனிதர் நின்றதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை கொட்டியது. ஏரி நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்து கோடி போனது. அதற்கு முன் அது எப்போது நிறைந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஊரே ஏரிக்கரையில் நின்றது, பிள்ளைகள் வேட்டியை விரித்து ஜிலேபி மீன் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். சார் வெளியே வந்தார். படகைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இன்னும் ஒரு வேல பாக்கி இருக்குதுங்க பாய்."

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "ஏனுங்க சார், ஏரி உங்களுக்காக உக்காந்துட்டு இருக்குமா? ஒரு மணி நேரம் தண்ணியில விட்டா என்ன கொறஞ்சு போவுது?"

"ஒழுகும்ங்க டீச்சர்" என்றார். "தண்ணிக்கு அரை மார்க் போடத் தெரியாதுங்க. பாஸு, இல்லைன்னா ஃபெயிலு."

என் வீட்டுக்காரர் என்னைத்தான் அடக்கினார். "விடு நூரு, அவரு படகு, அவருக்குத் தெரியாதா" என்று துடுப்பைக் கொண்டுவந்து எங்கள் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். தை பிறக்கும்போது ஏரி பாதியாகிவிட்டது. மாசியில் இவர் போய்விட்டார். துடுப்பு சாத்திய இடத்திலேயே இருந்தது.

கணவனை இழந்த பெண் எங்களில் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். இத்தா என்போம். அந்த நாட்களில் பகலில் எனக்குத் துணை, சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம். இவரை அடக்கம் செய்த மண் காயவில்லை, அதற்குள் படகில் வேலை தொடங்கிவிட்டது. சுரண்டுகிற சத்தம், ஆணி பிடுங்குகிற சத்தம், இழைப்புளி சத்தம். இவர் உயிரோடு இருந்தவரை பாக்கி இருந்த வேலை, இவர் போனதும் எப்படி மளமளவென்று நடக்கிறது என்று நினைத்தேன். தொழுகை விரிப்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதனைச் சபிக்கக் கூடாது என்று தெரியும். விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுச் சபித்தேன்.

இத்தா முடிந்து வெளியே வைத்த முதல் அடி அவர் வீட்டுக்குத்தான். கோவிந்தம்மா, அவர் மனைவி, காபி போட உள்ளே போனாள். வேண்டாம் என்றேன். சார் கொட்டகையில் கை துடைத்துக்கொண்டு நின்றார். "அவரு ஏறாத படகுல இனி நீங்க ஏறக் கூடாது. மீறி ஏறுனீங்கன்னா என் மொகத்துல முழிக்காதீங்க" என்றேன்.

ஏதாவது சொல்லுவார் என்று நின்றேன். ஒரு விளக்கம், ஒரு மன்னிப்பு, எதிர்த்து ஒரு சத்தம். "சரிங்க டீச்சர்" என்றார். வீட்டுப்பாடம் கொண்டுவராத பையன் சொல்வதுபோல ஒரு சரி. அதற்குமேல் அவருக்கும் எனக்கும் பேச்சில்லை. பல வருடங்கள் ஒரே சுவரின் இரண்டு பக்கம் பேசாமலே வாழ்ந்தோம்.

படகை விற்றாரா, உடைத்து அடுப்பெரித்தாரா என்றால் அதுவும் இல்லை. காலையில் கொட்டகையில் குடம் குடமாகப் படகுக்குள்ளே தண்ணீர் ஊற்றுவார். காய்ந்தால் மரம் வெடித்துவிடுமாம். ஒகேனக்கல் குடிநீர்க் குழாயில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். காவிரித் தண்ணீரைக் குழாயில் இவ்வளவு தூரம் கொண்டுவந்து, ஏறாத படகுக்கு ஊற்றுகிறார் மனிதர். பேரூராட்சியில் போய்ப் புகார் சொன்னேன். ஆமாம், நான்தான். யார் என்று தெரியாமல் அன்றைக்குத் தெருவே பேசிக்கொண்டது. மறுநாளிலிருந்து அவர் குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டுத் துணி அலசிய தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். அதிலும் எனக்குக் கோபம்தான். ஒரு மனிதரோடு சண்டை போட வேண்டுமென்றால் அவர் கொஞ்சமாவது சண்டைக்கு வர வேண்டும் அல்லவா.

இனி, அவர் போன மறுநாள் நடந்தது. நான் மொரப்பூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். துக்கம் கேட்கப் போனேன். கோவிந்தம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன், படகை ஏதோ ஓட்டல்காரர் செடி வைக்கக் கேட்கிறார் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அது என் காதில் விழுந்தது. துக்க வீடு என்பது மறந்துவிட்டது. "செடி வெக்கறதுக்கா என் வூட்டுக்காரரு நெஞ்சுவலியோட ஒழைச்சாரு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் தண்ணியில விட்டுருந்தா அந்த மனுசன் நிம்மதியாப் போயிருப்பாரு. கல்லு மனசு உங்க வூட்டுக்காரருக்கு" என்றேன்.

கோவிந்தம்மா அழுத கண்ணோடு எழுந்தாள். "போதும் டீச்சர். அவரு சொல்லக் கூடாதுன்னாரு. இனிமே என்னால முடியாதுங்க" என்று கொட்டகைக்குள் போய் ஒரு சாக்கை இழுத்து வந்து என் முன்னால் போட்டாள். உள்ளே பஞ்சு. எண்ணெயும் குங்கிலியமும் ஏறிக் கறுத்து, கல்லாக இறுகிய பஞ்சுத்திரிகள்.

"பாய் வெச்சதுங்க" என்றாள். "அந்தப் பங்குனியிலயே இவரு ராவோட உள்ளாற தண்ணி ஊத்தி வெச்சாரு. காலையில பாத்தா பலகை விலாவுல இருந்து பிச்சுக்கிட்டு நிக்குது. மரம் ஊறி ஊதுனா போறதுக்கு எடம் வேணுமாமுங்க. பாய் கதவு கணக்கா எடமே வுடாம இறுக்கிட்டாரு. பாய் வர்றதுக்குள்ள தண்ணிய எறைச்சு, பலகைய அமுக்கி ஆணி அடிச்சு, தொடைச்சு வெச்சிட்டாரு. நானே சொல்லிடுங்கன்னேன். பாய் மொகத்தப் பாத்து உங்க வேல நிக்கலைன்னு எப்படிம்மா சொல்றதுன்னாரு. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னே நாளு ஓடிடுச்சுங்க. பாய் போனதுக்கு அப்புறந்தான் எல்லாத்தையும் பிரிச்சு, எடம் வுட்டு மறுக்காப் பூட்டுனாரு. இந்தப் பஞ்ச தூக்கிப் போடலாம்னேன். பாய் கை பட்டது, கெடக்கட்டும்னாரு."

படிக்கிற உங்களுக்கு இப்போது கண் கலங்கியிருக்கும். எவ்வளவு பெரிய மனசு என்று தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சாக்கைப் பார்த்ததும் எனக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது எங்கள் வாசலில் வந்து, "பாய், கதவு பிடிக்குதுங்க" என்பார்கள். இவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய், "மரம்னா ஊதத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே ஓரத்தை இழைத்துவிட்டு வருவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாதையன் சார் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். "பாய், படகு பிடிக்குதுங்க." இவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பார். நாலு ஞாயிற்றுக்கிழமையில் பிரித்துப் பூட்டியிருப்பார். ஐப்பசியில் ஏரி நடுவில் உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் வார்த்தை தாங்கமாட்டார் என்று முடிவு செய்ய மாதையன் சார் யார்? குழந்தையிடம் மருந்தை ஒளிப்பதுபோல ஒரு தொழில்காரரிடம் அவர் வேலையின் குறையை ஒளிப்பது மரியாதையா? சாருடைய மரியாதைக்கு என் வீட்டுக்காரர் தன் கடைசி ஆசையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் இத்தாவில் உட்கார்ந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சார் பிடுங்கிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரரின் கைவேலையை. அதை என்னிடம் சொல்லவும் சாருக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடமும் நான் தப்பான காரணத்துக்காகத் திட்டினேன், அதையும் கேட்டுக்கொண்டு நின்றார். சரியான காரணத்தைக் கொடுத்திருந்தால் சரியாகத் திட்டியிருப்பேன்.

படகைச் செடி வைக்கக் கொடுக்கவில்லை. காரியம் முடிந்த அடுத்த வாரம் ஒரு குட்டியானை வண்டி பிடித்து, நானும் கோவிந்தம்மாவும் அவள் மகனும் அதை ஏரிக்குக் கொண்டுபோனோம். இந்த வருடம் ஏரியில் முக்கால் தண்ணீர் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் இருந்த துடுப்பை எடுத்துப்போனேன். மகன் துடுப்புப் போட, நான் நடுவில் மீன் பெட்டிமேல் உட்கார்ந்தேன். கோவிந்தம்மா தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்றாள். போகும் வழியெல்லாம் குனிந்து அடிப்பலகையைக் கையால் தடவிக்கொண்டே போனேன். எங்காவது ஒரு சொட்டு ஏறினால் போதும் என்றிருந்தது. ஏறவில்லை. படகு நேராகப் போனது, மாதையன் சார் சொன்னதுபோலவே.

நடு ஏரியில் நிறுத்தச் சொன்னேன். "அப்பா ஒரு தடவகூட இதுல உக்காரலைங்க டீச்சர்" என்றான் மகன். "கொட்டகையில இருக்கறப்பகூட உள்ள கால் வெக்க மாட்டாரு. வெளிய நின்னே தண்ணி ஊத்துவாரு." நான் சொன்ன தடை சரியான தடைதான், இன்றைக்கும் அதைத் திரும்பப் பெறமாட்டேன். அதற்காக இப்படியா கீழ்ப்படிவார் ஒரு மனிதர்? நான் கோபத்தில் சொன்னதை எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுதேன் என்று அந்தப் பையன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாதையன் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சாக்கு. பட்டறைச் சாமான்களை எல்லாம் யார் யாரோ வாங்கிப்போன பிறகு என் வீட்டுக்காரரின் கைவேலையாக எங்கள் வீட்டில் துடுப்பு ஒன்றுதான் இருந்தது. அதோடு இப்போது இந்தப் பஞ்சும் இருக்கிறது. கதவில்லாத சமையலறை அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். குங்கிலிய வாடை வீடு முழுக்க இருக்கிறது.

படகு மறுபடி கொட்டகைக்கு வந்துவிட்டது. கோவிந்தம்மாவுக்கு முழங்கால் வலி, குடம் தூக்க முடியாது. காலையில் நான்தான் போய்த் தண்ணீர் ஊற்றுகிறேன், துணி அலசிய தண்ணீர்தான். ஊற்றும்போது சத்தமாகவே திட்டுகிறேன். இப்போது என்னிடம் சரியான காரணம் இருக்கிறது. திட்டி முடித்து, பழக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். "சரிங்க டீச்சர்" என்று ஒரு குரல் வருவதில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.